சதுப்பு ஒளித்த தேங்காய்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளின் சுவரில், என் இடுப்பளவு உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு ஓடியது. வீடு பார்க்கப் போன அன்றே அது என் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டுக்கார அம்மா பின்கதவைத் திறந்து, படிகளுக்குக் கீழே கறுப்பாகக் கிடந்த கால்வாயைக் காட்டினார். "போன மழைக்கு வந்த தண்ணி, தங்கச்சி. எத்தின தரம் பெயின்ட் அடிச்சாலும் அந்தக் கோடு போகுதில்ல," என்றார். தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலேயே இருந்த முஸ்லிம் குடும்பம். மாடியில் அவரும் அவருடைய கணவரும், கீழே நாங்கள் என்று ஏற்பாடு.

நானோ வெள்ளத்தைப் பற்றிப் படித்தவள். நாள் முழுக்க மழையையும் கால்வாயையும் கணக்குப் பார்ப்பதற்குத்தான் அலுவலகத்தில் என்னை வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருத்தி கோடு போட்ட வீட்டுக்குள் குடிபோவாளா? போனேன். வேறு யார் எங்களுக்கு வீடு தந்தார்கள்? பம்பலப்பிட்டியில் ஒருவர் கதவைப் பாதி திறந்து, எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு மீதிப் பாதியையும் மூடினார். கொட்டாஞ்சேனையில் ஒருவர், "பிள்ளையள், நீங்கள் நல்ல ஆக்கள்தான், ஆனா காலம் சரியில்லை," என்றார். அவரும் வடக்கே எங்கள் பக்கத்துத் தமிழ் ஆள்தான். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன், தெருமுனையில் நின்று அழுதேன்.

அது யுத்த காலம். கொழும்பில் இருக்கிற தமிழர் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் "போங்கள்" என்றால் வீடு மட்டும் போகாது, பதிவும் போகும். பதிவு இல்லாதவர் சோதனையில் அகப்பட்டால் லொறியில் ஏற்றுவார்கள். என் கணவரை ஏற்கெனவே ஒருமுறை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். இன்னொரு தரம் அவரைக் கொண்டுபோனால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவுக்கும் அவர் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். அவர் செய்த பெரிய குற்றம் மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு வீட்டுவேலை அதிகம் கொடுத்ததுதான்.

அந்தப் புரட்டாசியில் வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இன்னொருக்கா வெள்ளம் உள்ளுக்கு வந்தா, எங்கட இவர் கீழ் வீட்ட மூடி ஸ்டோராக்கப் போறாராம். மனிசர் இருக்க ஏலாத இடமாம்."

"வேற எங்க போறது, அக்கா?"

"அதுதான் எனக்கும் கவல," என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனால் முடிவு அவருடையதல்ல.

ஆக, எங்கள் நிலைமை இதுதான். தண்ணீர் வாசற்படி ஏறினால் வீடு போகும். வீடு போனால் பதிவு போகும். பதிவு போனால் என் மனிசன் போவார். ஐப்பசி மழைக்கு அதிக நாளில்லை.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் கால்வாய்க்கு மேலே, கிருலப்பனைக்கு அப்பால், ஒரு பெரிய சதுப்பு இருந்தது. கோரையும் பன்புல்லும், கொக்கும், எருமைக்கன்று மாதிரி அசைந்து போகும் கபரகொய்யா என்கிற நீர் உடும்புகளும். முன்னொரு காலத்தில் ஓர் ஓடை அதற்குள் வளைந்து வளைந்து, மழைத் தண்ணீரை அங்கேயே பரப்பிவிட்டுத்தான் நகரத்துக்குள் இறங்குமாம். பிறகு வந்த கெட்டிக்காரர்கள் ஓடையை நேராக வெட்டி, இரண்டு பக்கமும் மண்ணணை போட்டு, தண்ணீரைச் சதுப்புக்குள் நுழையவிடாமல் செய்துவிட்டார்கள். நேர்க் கால்வாயில் மழை நீர் பாய்ந்தோடி வந்து எங்கள் பின்கதவைத் தட்டியது. சதுப்பு காய்ந்தது. காய்ந்த சதுப்பைக் கண்டதும், மண் கொட்டி நிரப்பிக் களஞ்சியங்கள் கட்டலாம் என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. வெள்ளத்துக்கு அவர்கள் சொன்ன மருந்து, கால்வாய்ச் சுவரை இன்னும் உயர்த்திக் கொங்கிறீட் போடுவது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஒரு சிங்களப் பெண். ஐம்பது வயது, குட்டையான உருவம், பெரிய குரல். எல்லோருக்கும் அவர் மிஸ். என்னை நங்கி என்று, தங்கச்சி என்கிற அர்த்தத்தில் கூப்பிடுவார். நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம். மிஸ்ஸின் யோசனை ஒரு சதம் கொங்கிறீட்டும் இல்லாதது. மேலே ஓரிடத்தில் அணையை வெட்டு, தண்ணீர் சதுப்புக்குள் போகட்டும். கீழே ஓரிடத்தில் வெட்டு, மெதுவாக வெளியே வரட்டும். விழுந்த மரங்களை நேர்க் கால்வாய்க்குக் குறுக்கே போடு, தண்ணீர் தானாகவே வெட்டுப் பக்கம் திரும்பும். மிச்சத்தைக் கோரையும் சேறும் பார்த்துக்கொள்ளும். "ஐம்பது வருசம் நாங்கள் தண்ணீரை ஏசினோம், நங்கி. இனி அதற்கு இருக்க ஒரு இடம் கொடுத்துப் பார்ப்போம்," என்றார்.

அணையை வெட்டவும் மரங்களைப் போடவும் அனுமதி கிடைத்தது, பரீட்சார்த்தமாக மட்டும். தண்ணீர் உண்மையிலேயே சதுப்புக்குள் போய்த் தங்குகிறது என்று அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெட்டுகளை மூடிவிட்டு மண் லொறிகளை அனுப்பத் தயாராக இருந்தார்கள். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அது ஒரு திட்டம். எனக்கு அது என் வாசற்படி.

தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எங்கே போகிறது என்று பார்க்க மிதவைகள் விடுவது வழக்கம். சில நாடுகளில் தோடம்பழம் விடுவார்களாம். எங்களுக்கு மட்டையோடு தேங்காய். பாதி தாழ்ந்து மிதக்கும், காற்று சுலபமாகத் தள்ளாது. கோரைக்குள் தெரிவதற்குச் சிவப்புப் பூச வேண்டும். "நேர்க் கால்வாயில் விடுகிற பன்னிரண்டுக்கும் இலக்கம் போடு. சதுப்புக்குள் விடுகிற பன்னிரண்டுக்கும் எழுத்துப் போடு," என்று மிஸ் சொல்லிவிட்டார்.

தேங்காய்களைச் சாக்கில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான் சிவப்பு அடிக்க, என் கணவர் வெள்ளை மையால் எழுதினார். வாத்தியாரின் கையெழுத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி. அன்று பின்னேரம் அவர் விசிலடித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் விசிலடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இஞ்சை பாரும்," என்று கடைசித் தேங்காயைத் தூக்கிக் காட்டினார். "பன்னிரண்டும் முடிஞ்சுது. உயிரெழுத்தும் பன்னிரண்டுதானே, கணக்கு அச்சாவா வந்திட்டுது."

"நல்லது. மை காயமுதல் தொடாதேங்கோ," என்றேன்.

அவ்வளவுதான் கதைத்தோம். எழுத்துப் போடு என்றால் அவருக்கு அ, ஆ, இ. எனக்கும் அ, ஆ, இ. பன்னிரண்டு தேங்காய்கள் எங்கள் அறையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், சமைத்தேன், வீடு கூட்டினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து ஒருவருக்கு எப்படித் தமிழாகத் தெரியும்? அது வெறும் எழுத்தாகத்தானே தெரியும்.

மறுநாள் காலையில் மழை இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மிஸ்ஸும் நானும் படகில் மேல் வெட்டுக்குப் போனோம். இலக்கத் தேங்காய்களை, குறுக்கே போட்ட மரங்களுக்குக் கீழே, நேர்க் கால்வாயில் விட்டோம். போட்டி போட்டுக்கொண்டு ஓடின. சாக்கை அவிழ்த்து எழுத்துத் தேங்காய்களை வெட்டு வாயில் ஒவ்வொன்றாகப் போட்டோம். மிஸ் ஒன்றைக் கையில் எடுத்து, "வடிவான எழுத்து," என்று சொன்னார். அவருக்கும் உறைக்கவில்லை. அவர் மனம் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. தேங்காய்கள் வெட்டுக்குள் நுழைந்தன, தயங்கின, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று பிரிந்து கோரைக்குள் போய் மறைந்தன. மிஸ் என் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார். அவருக்குச் சந்தோசம் வந்தால் அப்படித்தான்.

கீழ் வெட்டையும் தாண்டி, கால்வாய்க்கு மேலே ஒரு சிறிய பாலம். அதில் இராணுவக் காவல், மண் மூட்டை, முள்ளுக்கம்பி. பாலத்தடியில் எங்கள் சாரதி வலையோடு நின்றார். படகில் வேலை செய்வோம் என்று முகாமுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தோம். தேங்காய் விடுவோம் என்று யாராவது அறிவிப்பார்களா? நாங்கள் அணையால் நடந்து பாலத்துக்கு வந்தபோது இலக்கத் தேங்காய்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. சிப்பாய்களுக்கு ஒரே கொண்டாட்டம். எது முந்தும் என்று பந்தயம் பிடித்திருக்கிறார்கள். சாரதி அவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு சிப்பாய், "மிஸ், ஏழாம் நம்பர்தான் வென்றது!" என்றான்.

பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஸ்ஸின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வராமல் இருப்பதுதானே வெற்றி. எனக்கு அந்தப் பழுப்புக் கோடு கண்ணுக்குள் வந்தது. இனி ஒரு மழைக்கும் அது வராது என்று மனம் துள்ளியது.

அப்போது ஒரே ஒரு தேங்காய் கால்வாயின் ஓரமாக, ஆற அமர, தன்னந்தனியே வந்தது. பந்தயம் சொன்ன சிப்பாய் குனிந்து பார்த்தான். அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றது.

"தெமள அகுரு!"

தமிழ் எழுத்து. அவன் வாயால் கேட்ட பிறகுதான் எனக்கே அது தமிழ் என்று தெரிந்தது.

அடுத்த நிமிடம் வெற்றிலையும் இல்லை, பந்தயமும் இல்லை. துவக்குகள் தண்ணீரை நோக்கித் திரும்பின. ஒருவன் ஓடிப்போய் றோட்டை மறித்தான். "வெடிக்கும், விலகு!" என்றான் ஒருவன். "ஹூனியம், சூனியம் வைத்து விட்டிருக்கிறார்கள், தொடாதே!" என்றான் இன்னொருவன். இரண்டு பேருக்கும் பயம். சாரதி வலையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அவர் சிங்களவர், இருந்தும் தூக்கினார். நான் எப்போது தூக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

காவலறையிலிருந்து அதிகாரி வந்தார். இளம் ஆள், என்னைவிடச் சின்னவர். சத்தம் போடவில்லை. மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது.

"யார் எழுதியது?"

வீட்டில் இருக்கிறவரை நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "நான்."

"அடையாள அட்டை?"

கொடுத்தேன். மிஸ்ஸுடைய அட்டையில் சிங்களம் மட்டும் இருக்கும். எங்களுடையதில் தமிழும் சேர்ந்திருக்கும். திறந்து வாசிக்கத் தேவையில்லை, பார்த்தாலே போதும். அவர் என் ஊரைப் பார்த்தார், பிறகு கால்வாயைப் பார்த்தார். தேங்காய் பாலத்தடியில் ஒரு கம்பியில் சிக்கி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"அது தேங்காய்தான் என்றால் நீங்களே போய் எடுங்கள்," என்றார்.

சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். எனக்குப் பின்னால் எல்லோரும் மண் மூட்டைக்கு அந்தப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. சேறு முழங்கால் வரை. நானே பூசிய சிவப்பு, என் மனிசன் எழுதிய "உ". எங்கள் வீட்டு அறையில் காய்ந்த சாமான். ஆனாலும் பிள்ளையார் அறிய, கையை நீட்டின அந்தக் கணத்தில் அது தேங்காய்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு பேர் பயந்தால் நமக்கும் பயம் வரத்தான் செய்யும். எடுத்தேன். தேங்காய்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினேன். "குலுக்கு," என்றார்கள், குலுக்கினேன். உள்ளே தண்ணீர் சளக்கென்றது.

"இப்படி எத்தனை?"

"பன்னிரண்டு, சேர்."

"மற்றப் பதினொன்றும் எங்கே?"

நான் சதுப்பைக் காட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம் கோரை.

மிஸ் தன் பெரிய குரலில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். வரைபடத்தை விரித்தார். அதை விரிக்காமல் இருந்திருக்கலாம். பாலங்களும் கால்வாய்களும் குறித்த வரைபடம், அருகில் தமிழ் எழுத்து, பக்கத்தில் நான். அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் விலாசத்தை எழுதிக்கொண்டார்.

"வெள்ளவத்தைப் பொலிசுக்குச் சொல்லி வீட்டைப் பார்க்கச் சொல்லலாம்."

பொலிஸ் வந்து வாசலில் நின்றாலே போதும், வீட்டுக்காரர் வெள்ளத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

"வேண்டாம்," என்றார் மிஸ். குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "பன்னிரண்டையும் கொண்டு வந்து உங்கள் முன்னால் வைக்கிறோம். உடைத்துப் பாருங்கள்."

அதிகாரி யோசித்தார். "பன்னிரண்டும் வந்தால் அட்டை கிடைக்கும். அடுத்த வாரம் மேஜர் வருகிறார். அதுவரைக்கும் என்னால் இதை அறிக்கையில் எழுதாமல் இருக்க முடியும்."

தேடினோம். காலையில் எந்தக் கோரை தேங்காய்களை விழுங்கிற்று என்று துள்ளினேனோ, அதே கோரையை அன்று பின்னேரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். தண்ணீர் அவ்வளவு நன்றாகப் பரவியிருந்தது. பழைய ஓடை வளைந்த தடங்களை எல்லாம் அது தானே கண்டுபிடித்து, நாங்கள் நினைத்தே பார்க்காத மூலைகளுக்கு என் தேங்காய்களைக் கொண்டுபோய் வைத்திருந்தது. ஒன்று பன்புல்லுக்கு நடுவே. ஒன்று கபரகொய்யாவின் வளைக்கு முன்னால், அந்தச் சனியன் வாலால் அடித்துவிட்டுத்தான் இடம் விட்டது. மிஸ் ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார்.

"நங்கி, இங்கே பார், எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது!"

"மிஸ், எனக்கு அட்டை வேணும்!" என்று கத்திவிட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிவிட்டுத் துடுப்பை எடுத்தார். அதற்குப் பிறகு குறிக்கவில்லை.

வெளிச்சம் போகும்போது பதினொன்று இருந்தன. "ஓ"வைக் காணவில்லை. அதிகாரி பதினொன்றையும் வெட்டிப் பார்த்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்று," என்றார். என் அட்டை அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

மிஸ் ஜீப்பில் என்னை முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தானே தலையை நீட்டிக் கதைத்து, வீட்டு வாசலில் இறக்கினார். என் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"நான்தானே எழுதினனான். ஏன் நீர் எண்டு சொன்னனீர்?"

"வேற என்ன சொல்லுறது?"

"ஏ, பி, சி எண்டு எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லையப்பா. தோன்றவே இல்லை."

அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "அட்டை கிடைச்சா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேந்திருக்கிறன்," என்றேன், சும்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று.

"இனித் தேங்காயைப் பற்றிக் கதையாதேயும்," என்றார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகு அவர் எழுந்து கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, ஐப்பசியின் அடைமழை. அட்டை இல்லாமல் நான் தெருவில் இறங்க முடியாது. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். மிஸ் மழையில் படகு விட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவின் தொலைபேசிக்கு எடுத்து, "இல்லை, நங்கி," என்பார். ஒவ்வொரு தரமும் மாடிக்கு ஏறி, அந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு இறங்குவேன். வீட்டுக்காரர் பத்திரிகைக்கு மேலால் என்னைப் பார்ப்பார்.

பின்கதவுக்குக் கீழே ஐந்து படிகள். முதற்படி மூழ்கியது. அடுத்த நாள் இரண்டாவது. அரிசிப் பானையைக் கட்டிலில் ஏற்றினோம். அவருடைய புத்தகங்களை அலுமாரி உச்சியில் அடுக்கினோம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு நுகேகொடையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. "நீங்களும் எங்கேயாவது போங்கள்," என்றார்கள் நல்ல மனதோடு. எங்கே போவது? பதிந்த வீட்டை விட்டு, அட்டையில்லாத பெண்சாதியோடு, வெள்ளத்தில் நின்று எந்தக் கதவைத் தட்டுவது? தண்ணீர் உள்ளே வந்தாலும் மேசைமேல் ஏறி இருப்பதுதான் எங்கள் திட்டம்.

மூன்றாவது படியும் மூழ்கியது. வீட்டுக்காரர் குடையோடு இறங்கி வந்து, பின்கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் நாலாவது படியில் கரித்துண்டால் ஒரு கோடு கீறினேன். அன்று முழுக்க அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் எரிந்தது. சமைக்கவில்லை. மழை ஓயவில்லை. போன வருடம் இதைவிடக் குறைந்த மழைக்கு இடுப்பளவு தண்ணீர் வந்திருந்தது. நாலாவது படியின் விளிம்பைத் தண்ணீர் நக்கியது. விலகியது. திரும்ப நக்கியது. கோட்டைத் தொடவில்லை.

"நிண்டிட்டுதோ?" என்றார் என் கணவர், மூச்சை அடக்கிக்கொண்டு.

"கதையாதேங்கோ," என்றேன், கதைத்தால் ஏறிவிடும் என்பது போல.

நின்றுவிட்டது. அங்கே மேலே, நான் திட்டித் தீர்த்த கோரைக்குள், அவ்வளவு மழையும் போய்த் தங்கியிருந்தது. என் மனிசனின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதேன். தண்ணீருக்காகத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்தார். பாதி அதற்கு, மீதி அட்டைக்கு. மேஜர் வருகிற வாரம் தொடங்கிவிட்டது.

மழை விட்ட காலை, தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியிருந்தது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்ரிக் போத்தல்களும் கூட்டமாக மிதந்து போயின. படியைக் கழுவிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். ஒரு தாமரைத் திட்டின் நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!"

அவர் தும்புத்தடியோடு ஓடி வந்தார். எட்டவில்லை. திட்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே, காலி நகருக்குப் போகும் வீதியின் பாலம், அங்கேயும் காவல், அங்கேயும் துவக்கு. தேங்காய் அங்கே போய்ச் சேர்ந்தால் வேறொரு அதிகாரி, வேறொரு விசாரணை, இந்த முறை எங்கள் வீட்டு வாசலிலேயே.

நான் தடுக்குமுன் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. பாலத்திலிருந்து பார்த்தால், ஒரு தமிழ் ஆண் கால்வாய்க்குள் குதிக்கிறான் என்றுதான் தெரியும். நெஞ்சளவு தண்ணீர். கையை உயர்த்திக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க வழுக்க, அவசரப்படாமல் போனார். அவசரப்பட்டு ஓடுகிறவனைத்தான் சுடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பாலத்தில் ஒரு தொப்பி அசைந்தது. நான் நினைத்தும் பாராமல் வாளியைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்து, "வாளி போச்சு, வாளி போச்சு!" என்று சிங்களத்தில் கத்தினேன். தொப்பி சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. என் கணவர் தேங்காயை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு வந்தார். கரையேறியதும் அதைத் துடைத்துப் பார்த்தார்.

"ஓ தான்," என்றார். பற்கள் கிடுகிடுத்தன.

மிஸ் ஜீப்பில் பறந்து வந்தார். வழி முழுக்கத் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இவ்வளவு நாளும் உள்ளே இருந்திருக்கிறது, நங்கி. இதை அப்படியே கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்." என் முகத்தைப் பார்த்தார். "சரி, சரி. முதலில் அட்டை."

பாலத்தில் அதிகாரி தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையசைத்தார். சூனியம் என்று பயந்த அதே சிப்பாய் பெரிய கத்தியால் ஒரே வெட்டு வெட்டினான். தேங்காய்த் தண்ணீர் றோட்டில் சிதறியது. பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தியை இராணுவமே செய்து முடித்துவிட்டது. சிப்பாய் தேங்காய்ச் சொட்டு ஒன்றை நெம்பி வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு துண்டு நீட்டினான். வாங்கினேன். மென்றேன்.

அதிகாரி அட்டையை நீட்டினார். "மற்றதெல்லாம் அன்றைக்கே கிடைத்தது. இது மட்டும் ஏன் இவ்வளவு நாள்?"

எனக்கு ஏற்கெனவே வாய் நீளம். அட்டை வேறு கைக்கு வந்துவிட்டது.

"தங்க இடம் கிடைத்தது, சேர். ஒருவரும் எழும்பிப் போகச் சொல்லவில்லை. தங்கியது," என்றேன்.

மிஸ் என் முழங்கையைக் கிள்ளினார். அதிகாரி முள்ளுக்கம்பியை விலக்கச் சொன்னார்.

எழுத்து இருந்த பாதி மட்டையை மிஸ் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாராம். சதுப்பில் மண் கொட்டுவதை நிறுத்திவைத்தார்கள். வெட்டுகள் திறந்தே இருந்தன. இன்னும் இரண்டு இடத்தில் வெட்டலாம் என்றும், தை பிறந்ததும் மறுபடியும் மிதவை விட்டுப் பார்க்கலாம் என்றும் முடிவானது. வீட்டுக்கார அம்மா சீனி போட்ட தேத்தண்ணீரோடு இறங்கி வந்து, எங்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவதாகச் சொன்னார். நாங்கள் இருந்தோம். பதிவும் இருந்தது.

தையில் புதிய தேங்காய்களை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அலுவலகத்திலேயே யாரையாவது கொண்டு எழுதுவிக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இல்லை, நான்தான் எழுதுவன்," என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நான் சிவப்பு அடித்துக் கொடுத்தேன். அவர் முதல் தேங்காயை மடியில் வைத்து, தூரிகையை மையில் தோய்த்து, அப்படியே இருந்தார். பிறகு எழுதினார். எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் அடித்துத் திருத்தி எழுதாத கை, கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் கீறுகிற கை, அன்று ஆங்கில "ஏ" ஒன்றின் கால்களை நேராக்க முடியாமல் அழித்து அழித்துக் கீறியது. அன்று அவர் விசிலடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் முடிந்ததும் தேங்காயை என் பக்கம் திருப்பினார்.

"இது சரிதானே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்தானே?"

"சரி," என்றேன்.

பன்னிரண்டு தரம் கேட்டார். பன்னிரண்டு தரமும் சரி என்றேன்.